ஒரே மாசத்துல ரெண்டு கவுன்சில் காசு எடுக்குது, இது சரியா?

மூணாவதுமாடி:

வணக்கம். இங்கிலாந்துல இருக்கிறவங்க கொஞ்சம் உதவுங்க. கவுன்சில் டாக்ஸ், அதாவது நம்ம ஊர் நகராட்சி மாதிரி இருக்கிற கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரி பத்தி ஒரு சந்தேகம். நவம்பர் 19 வரைக்கும் ஒரு ஊர்ல வாடகைக்கு இருந்தேன். 20ஆம் தேதியில இருந்து பக்கத்து கவுன்சில் எல்லைக்குள்ள வேற ஃபிளாட். நேத்து ராத்திரி ஜனவரி மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தா, கவுன்சில் பேர்ல மூணு என்ட்ரி.

2ஆம் தேதி பழைய கவுன்சில், டைரக்ட் டெபிட் (அக்கவுன்ட்ல இருந்து அவங்களே எடுத்துக்கிறது), 182.50 பவுண்டு. 5ஆம் தேதி புது கவுன்சில், டைரக்ட் டெபிட், 264 பவுண்டு. 12ஆம் தேதி மறுபடியும் புது கவுன்சில் பேரு, ஆனா கார்டு பேமென்ட், 35 பவுண்டு.

பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்து ரெண்டு மாசம் ஆகப் போகுது, இன்னும் ஏன் எடுக்கிறாங்க? வீட்டு ஏஜென்ட் "எல்லாருக்கும் நாங்களே சொல்லிடுவோம்"னு சொன்னார். எதிர் ஃபிளாட்டும் எங்களோடது மாதிரியேதான், வரிக்கான மதிப்புப் பிரிவும் அதே பேண்ட் சி. அவங்க மாசம் 219தான் கட்டுறாங்களாம். எனக்கு மட்டும் ஏன் 264? அதை 12ஆல பெருக்கிப் பார்த்தேன், 3,168. அப்புறம் தூக்கமே வரல.

நான் வேலை விசாவுல போன மார்ச்ல வந்தேன். மனைவி செப்டம்பர் 14 வந்து எம்.எஸ்ஸி. படிக்கிறாங்க. அந்த 35 என்னன்னு சுத்தமா தெரியல.

ரெயின்கோட்:

பேங்க் ஆப்புல ரெண்டு டைரக்ட் டெபிட்டையும் உடனே கேன்சல் பண்ணுங்க. அப்புறம் பேங்குக்குப் போன் போட்டு டைரக்ட் டெபிட் கேரன்ட்டில திருப்பிக் கேளுங்க. காசு நம்ம கையில இருந்தாதான் அவங்களே கூப்பிட்டுப் பேசுவாங்க.

நெய்தல்கரை:

ஐயோ தம்பி, மேல சொன்ன மாதிரி செய்யாதைங்கோ. நான் ஒரு கவுன்சில்ல ரக்ஸ் (வரி) பகுதியில ஆறு வருசம் ரெலிபோன் எடுத்தனான். கோவத்தில டிரெக்ட் டெபிற்றை வெட்டிப்போட்டு மூண்டு மாசத்தால அழுதுகொண்டு எடுத்த ஆக்கள் எத்தினை பேர்! கேரன்ட்டி எண்டது பிழையா எடுத்த காசுக்கு. முன்கூட்டி பில் அனுப்பி, அந்தத் தொகையை அந்தத் திகதியில எடுத்தால் அது பிழை இல்லை. வெட்டினால் முதல்ல நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளுக்குள்ள கட்டாட்டில் தவணையாக் கட்டுற உரிமை போயிடும், வருசத்து மிச்சம் முழுக்க ஒரேயடியா கேப்பினம். அதுக்குப் பிறகு மஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன், அந்தச் செலவும் உங்கட தலையில.

இனி உங்கட கணக்கு. ஸ்டேட்மென்ற்ல கவுன்சில் பேரை மட்டும் பாக்காதைங்கோ, கூட இருக்கிற ரெஃபரன்ஸ் இலக்கத்தைப் பாருங்கோ. பில்லின்ர மேல்பக்கம் இருக்கிற கணக்கு இலக்கமும் அதுவும் ஒண்டெண்டால் அது வீட்டு வரி. வேற இலக்கமெண்டால் வேற விசயம். ஒரே கவுன்சில்தான் வரியும் எடுக்கும், பார்க்கிங் தண்டமும் எடுக்கும், தோட்டக் குப்பைக்கும் எடுக்கும். பேர் ஒண்டுதான் வரும்.

264ஐ 12ஆல பெருக்கினதுதான் நீங்கள் விட்ட பிழை. இஞ்ச வரி வருசம் ஏப்ரல் 1இல தொடங்கி மார்ச் 31இல முடியும். வழமையா அதைப் பத்துத் தவணையா, ஏப்ரலில இருந்து ஜனவரி மட்டும் எடுப்பினம். பெப்ரவரி, மார்ச் சும்மா. எதிர்வீட்டுக்காரருக்கு 219 எண்டால் வருசத்துக்கு 2,190. அதை 365ஆல பிரியுங்கோ, ஒரு நாளைக்குச் சரியா 6 பவுண்ஸ். நீங்கள் நவம்பர் 20இல வந்தனீங்கள். நவம்பரில 11 நாள், டிசம்பர் 31, ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31. மொத்தம் 132 நாள், 792 பவுண்ஸ். பில் பிந்தித்தான் வந்திருக்கும், அதால ஜனவரி, பெப்ரவரி, மார்ச் எண்டு மூண்டு தவணைதான் மிச்சம். 792ஐ மூண்டால பிரிச்சால் எவ்வளவு? 264. அவருக்கு எடுக்கிற அதே வீதம்தான் உங்களுக்கும். அவர் பத்து மாசமாக் கட்டுறார், உங்களுக்கு மூண்டு மாசத்துக்குள்ள நெருக்கி வைச்சிருக்கு, அவ்வளவுதான். ஏப்ரலில புதுப் பில் வரேக்க பன்னிரண்டு தவணையாக் கேளுங்கோ, தருவினம். மாசத்தொகை குறையும்.

(பேண்ட் சி எண்டது உங்கட வீடு 1991 ஏப்ரல் 1இல என்ன விலைக்குப் போயிருக்கும் எண்ட மதிப்பில வைச்சது. இங்கிலாந்தில இண்டைக்கு வரைக்கும் அந்தப் பழைய விலைதான். நான் போன் எடுக்கேக்க இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.)

பழைய கவுன்சில் ஏன் இன்னும் எடுக்குது? நீங்கள் போனது அவைக்குத் தெரியாது, அதுதான். ஏஜென்ட் சொல்லுவார் எண்டு ஒருநாளும் இருக்காதைங்கோ. சொல்லுறது உங்கட வேலை. பழைய வீட்டு ஒப்பந்தமும் 19ஆம் திகதியோட முடிஞ்சதோ? சாவி குடுத்த நாளும் ஒப்பந்தம் முடிஞ்ச நாளும் வேற எண்டால் கணக்கு மாறலாம். ஏப்ரலில இருந்து ஒவ்வொரு மாசமும் 182.50 போனதோ எண்டும் சொல்லுங்கோ.

இன்னொண்டு கேக்கவேணும். தள்ளுபடி ஏதும் எடுக்கிறீங்களோ?

மூணாவதுமாடி:

அக்கா, ரொம்ப நன்றி. நல்லவேளை, எதையும் கேன்சல் பண்ணல. ஒப்பந்தமும் 19ஆம் தேதியோடதான் முடிஞ்சுது. ஏப்ரல்ல இருந்து ஜனவரி வரைக்கும் பத்து தடவை 182.50 போயிருக்கு. தள்ளுபடியெல்லாம் எதுவும் இல்லக்கா. என் விசாவுல அரசு உதவி வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, அதனால கேட்கவே பயம். ஏப்ரல்ல இருந்து மனைவி வர்ற வரைக்கும் அந்த வீட்டுல தனியாதான் இருந்தேன்.

அந்த 35 மர்மம் தீர்ந்துடுச்சு. காலையில இட்லி மாவு கரைச்சுக்கிட்டே மனைவி சொல்றாங்க, "அது நான்தான் கட்டினேன், உங்க கார்டுல. அன்னைக்குக் கடைக்குப் போனப்போ பர்மிட் இடத்துல வண்டி போட்டோமே, ஞாபகம் இல்லையா?" எனக்கு ஞாபகமே இல்ல. கடிதத்தைப் பிரிச்சவங்க அவங்கதான்.

நெய்தல்கரை:

கெட்டிக்காரி. லண்டனுக்கு வெளியில அந்த வகைத் தண்டம் 70. பதினாலு நாளுக்குள்ள கட்டினால் பாதி. அவ கட்டினதால உங்களுக்கு 35 மிச்சம், சண்டை பிடிக்காதைங்கோ.

விசா விசயம் வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ, கனபேர் இதில பயந்து காசை விடுறவை. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிற கவுன்சில் ரக்ஸ் ரிடக்‌ஷன் அரச உதவிக்குள்ள வரும், அதைத் தொடாதைங்கோ. ஆனால் தனி ஆளுக்குரிய 25 வீதத் தள்ளுபடியும் மாணவருக்குரிய தள்ளுபடியும் அரச உதவி இல்லை. அது வரிச் சட்டத்தில உள்ள கணக்கு.

முழுநேர மாணவரை வீட்டில இருக்கிற பெரியாக்களின்ர எண்ணிக்கையில சேர்க்கமாட்டினம். அப்ப உங்கட வீட்டில கணக்குக்குக் கூடினது ஒரு ஆள்தான், நீங்கள் மட்டும். குறைஞ்சது 25 வீதம் கழிக்கவேணும். படிப்பு வருசத்தில 24 கிழமைக்குக் குறையாமல், கிழமைக்கு 21 மணித்தியாலமாவது இருக்கவேணும். முழுநேர எம்.எஸ்ஸி. எண்டால் பிரச்சினை இராது. பல்கலைக்கழகத்தில கேட்டால் கவுன்சிலுக்கெண்டே ஒரு சான்றிதழ் தருவினம். அவவுக்குப் படிப்பு எண்டைக்குத் தொடங்கினது?

மூணாவதுமாடி:

செப்டம்பர் 22 அக்கா. அதுக்கு எட்டு நாள் முன்னாடியே வந்துட்டாங்க.

நெய்தல்கரை:

அப்ப அந்த எட்டு நாளுக்கு மட்டும் தள்ளுபடி இல்லை. அவ வர முதல் நீங்கள் தனி ஆள், படிப்புத் தொடங்கின பிறகு அவ மாணவி. அதையும் நேர்மையாச் சொல்லுங்கோ, பத்துப் பவுண்ஸ் கதைதான்.

பழைய வீடு: வருசம் 1,825, நாளைக்கு 5. ஏப்ரல் 1இல இருந்து நவம்பர் 19 மட்டும் 233 நாள், 1,165 பவுண்ஸ். 25 வீதம் கழிச்சு 873.75. அதோட அந்த எட்டு நாளுக்குக் கழிக்கேலாத 10 (40இல கால்வாசி). ஆக 883.75. நீங்கள் கட்டினது 1,825. உங்களுக்கு வரவேண்டியது 941.25.

புது வீடு: 792இல கால்வாசி போக 594. 264 கட்டியாச்சு. மிச்சம் 330, மாசம் 165 வீதம் ரெண்டு மாசம். பெப்ரவரி காசு எடுக்க முதல் சொல்லுங்கோ.

ரெண்டு கவுன்சிலுக்கும் இணையப் படிவத்திலேயே போடுங்கோ. போட்ட உடன வாற ஒப்புகை இலக்கத்தைப் படம் பிடிச்சு வையுங்கோ. பழைய திகதிக்குக் கேக்கிறபடியால் ஆதாரம் கேப்பினம்: வாடகை ஒப்பந்தம், மனைவியின்ர விமானச் சீட்டு, பல்கலைக்கழகச் சான்றிதழ். போனில கதைச்சால் ஆர் கதைச்சது, எத்தினை மணிக்கு எண்டு எழுதி வையுங்கோ.

ரெயின்கோட்:

அக்கா, நான் சொன்னது தப்பு, மன்னிக்கணும். என் நண்பர் ஒருத்தர் ஜிம்முக்கு அப்படிப் பண்ணி காசு வாங்கினார், அதை வச்சுச் சொல்லிட்டேன்.

நெய்தல்கரை:

ஜிம்காரன் சம்மன் அனுப்பமாட்டான் தம்பி.

பனிமூட்டம்:

நான் கிளாஸ்கோ. எங்க கவுன்சில் டாக்ஸ் பில்லுல தண்ணி, கழிவுநீர்னு தனியா ரெண்டு தொகை சேர்த்துப் போட்டிருக்காங்க. இங்கிலாந்துல இருக்கிற அண்ணனுக்கு அப்படி இல்லையாம். ஏமாத்துறாங்களா?

நெய்தல்கரை:

இல்லை. ஸ்கொட்லாந்தில தண்ணிக் காசையும் கவுன்சில்தான் வரியோட சேர்த்து அறவிட்டுக் குடுக்கும். உங்கட அண்ணருக்குத் தண்ணிக் கம்பெனியிட்ட இருந்து வேற பில் வரும், கேட்டுப் பாருங்கோ.

மூணாவதுமாடி:

பதினொரு நாள் கழிச்சு எழுதறேன். புது கவுன்சில்ல இருந்து திருத்தின பில் வந்தாச்சு, பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் 165. பழைய கவுன்சில்ல, நான் தனியா இருந்த மாசங்களுக்கு வாடகை ஒப்பந்தத்தோட எல்லாப் பக்கமும் வேணும்னு கேட்டிருக்காங்க. நான் முதல் பக்கம் மட்டும்தான் அனுப்பியிருந்தேன். மிச்சப் பதினாறு பக்கத்தையும் இன்னைக்கு மத்தியானம் ஆபீஸ் ஸ்கேனர்ல போட்டு அனுப்பிட்டேன்.