மொய் கொடையா, கடனா? அப்பா விட்டுப்போன நோட்டும் என் அசைன்மென்டும்

பேராவூரணிப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சமூகவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

'பரிமாற்றம்' என்ற பாடத்துக்கு நம் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்தில் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வருகிறார். 1925இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்று மூன்று கடமைகளைச் சொல்கிறாராம். படித்தவுடனே எனக்கு மொய்தான் ஞாபகம் வந்தது. வேறு எது வரும்?

அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். பீரோவில் இரண்டு நீள நோட்டுகள் இருந்தன. ஒன்றில் எங்களுக்கு வந்தது, மற்றதில் நாங்கள் செய்தது, எல்லாம் ஊர்வாரியாக. 2017 ஆடியில் இன்னும் நாலு பேரோடு சேர்ந்து ஒரே பந்தலில் மொய் விருந்து (வேறு விசேஷம் இல்லாமல், மொய் வாங்கவே வைக்கிற விருந்து) வைத்தோம். வந்த பணத்தில் போர் போட்டார், அக்காவுக்கு நகை எடுத்தார். அடுத்த வருஷம் நவம்பரில் கஜா புயல். 70 தென்னையில் 11 நின்றது. ஆனால் நோட்டில் இருந்த பெயர்கள் எல்லாம் நின்றன. இன்னும் 2 லட்சத்துக்கு மேல் திருப்பிச் செய்ய வேண்டும்.

அம்மாவிடம் 'இது கடன்தானே?' என்று கேட்டால் 'கடன்னு சொல்லாத, அசிங்கம்' என்கிறார். சரி, அப்படியானால் இது என்ன? இன்னொன்றும் உறுத்துகிறது. விருந்துக்கு மூன்று நாள் தூங்காமல் வேலை பார்த்தது அம்மா. இரண்டு நோட்டிலும் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. இதையும் அசைன்மென்டில் எழுதலாமா, இல்லை பாடத்தை விட்டு விலகிப் போகிறேனா?

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:

கடன்தான். அம்மா கோபித்தாலும் கடன்தான். எழுதி வைத்து, இத்தனை வருஷத்துக்குள் கூட்டிச் செய்ய வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வட்டியோடு கடன்.

சட்டத்தின் கண்ணில் இது எந்தப் பெட்டியிலும் ஒழுங்காக அடங்காது, அது வேறு தலைவலி. கல்யாணத்தை ஒட்டி மணமக்களுக்கு வருகிற அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. மற்றபடி உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது முழுவதும் வருமானக் கணக்கில் சேரும். மொய் விருந்தில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, கறிச்சோறு மட்டும்தான். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒருவர் 'இது வருமானம் இல்லை சார், நான் முன்னாடி செஞ்சது திரும்பி வருது' என்று நோட்டை மேசைமேல் போட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

என்னைக் கேட்டால் மொய் விருந்தைத் தடை செய்துவிட வேண்டும். பந்தல், ஆட்டுக்கறி, பிளெக்ஸ் என்று பாதிப் பணம் அதிலேயே போகிறது.

மொய்யெழுதி வாத்தியார்:

பாப்பா, நீ விலகிப் போகவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே 30 வருஷம் என்னை மொய் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் இன்கிரிமென்ட் கிடைக்கும் என்று அஞ்சல் வழியில் எம்.ஏ. சமூகவியல் முடித்தேன். படித்ததற்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது.

முதலில் மேலே தடை கேட்டவருக்கு. கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடிகளிடம் 'பொட்லாட்ச்' என்று ஒரு விருந்து உண்டு. ஊரைக் கூட்டிப் போர்வையும் செப்புத் தகடும் வாரிக் கொடுப்பார்கள். மோஸ் அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வீண்செலவு, காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி கனடா அரசு 1885 முதல் 1951 வரை அதைத் தடை செய்தது. ஒளித்து நடத்தினார்களே தவிர விடவில்லை. அந்த விருந்தில்தான் யாருக்கு என்ன பட்டம், யாருக்கு என்ன உரிமை என்பதே முடிவாகும். அதை எப்படி விடுவார்கள்?

அடுத்தது கட்டாயம். எமில் துர்கைம் 1895இல் 'சமூக உண்மை' என்று ஒன்றைச் சொன்னார். அது தனி ஆளுக்கு வெளியே இருக்கும், ஆனால் ஆளைக் கட்டாயப்படுத்தும். உன் அப்பாவை யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று தேடிப் பார், ஒருவரும் அகப்பட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து மொய்க்காக யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. ஆனாலும் அழைப்பிதழ் வந்தால் தோட்டை அடகு வைத்தாவது போகிறோம். (இந்தத் துர்கைம் மோஸுக்குச் சொந்தத் தாய்மாமன். மருமகனுக்கு மாமன் செய்த சீர் என்று வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.)

கொடையா, கடனா என்ற கேள்விக்கு வருகிறேன். கடன் என்றால் அடைத்தவுடன் உறவு முடிந்தது. மொய்யில் அடைத்து முடிப்பதுதான் அவமரியாதை. 1,000 வாங்கியவன் 1,000 மட்டும் வைத்தால் 'கணக்கை முடிச்சுட்டான்' என்பார்கள். மேலே புதுநடை என்று ஐந்நூறாவது சேர்த்து வைத்தால்தான் இனி அவர் உனக்குச் செய்ய வேண்டும், போக்குவரத்து நிற்காது. உன் அம்மா 'அசிங்கம்' என்று சொன்னதன் அர்த்தம் இதுதான்.

ஆனால் எல்லோரும் கொடுப்பதையும் திருப்புவதையும் பற்றியே பேசுகிறார்கள். நடுவில் இருக்கிற 'வாங்கிக்கொள்வது' என்பதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அது புரிந்தது 1994 ஆவணியில், ஒரு காதுகுத்தில்.

நான் எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணி மஞ்சப்பையில் போடுகிறார். அந்த வீட்டுத் தோப்பில் தேங்காய் பறிப்பவர் வந்து நின்றார். ஊருக்கு வெளியே இருக்கிற தெருக்காரர். வேட்டியின் மடிப்பு அன்றைக்குத்தான் பிரித்தது. 51 ரூபாயை நீட்டினார். ஐம்பது ரூபாய்த் தாள், அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு. நான் பேனாவைத் திறந்து பெயர் கேட்டேன். வீட்டுக்காரரின் பெரியப்பா பின்னாலிருந்து, 'அட, உன்கிட்டப் போயி நாங்க வாங்குறதா? அதெல்லாம் வேணாம்ப்பா, போய் வயிறாரச் சாப்பிடு' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் பெரிய மனசு என்றார்கள். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு காசை முதலில் எடுத்து மடியில் செருகினார், அப்புறம் தாளை. பந்திப் பக்கம் போகவில்லை.

அந்த 51 ரூபாய் நோட்டில் ஏறியிருந்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் போக வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், 101 வைக்க வேண்டும். ஒரு வரியை எழுதாமல் விட்டதற்குள் இத்தனையும் இருந்தது. சோறு போட்டார்கள், வேட்டியும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அவரிடமிருந்து வாங்கத்தான் மாட்டார்கள். பேனாவை மூடியது நான்தான்.

உன் அப்பா நோட்டையும் ஒருமுறை அப்படிப் பார். ஊர்ப் பெயர்களுக்கு அடுத்து, உங்கள் ஊருக்குள்ளேயே எந்தத் தெரு இல்லை என்று பார். நோட்டு பணக் கணக்கு மட்டும் இல்லை.

வடகரை மருமகள்:

நான் மன்னார்குடிப் பொண்ணு, வாழ்க்கைப்பட்டது கேரளாவில் வடகரை. இங்கேயும் நாதாபுரம் பக்கமும் 'பணப்பயற்று' என்று ஒன்று நடக்கிறது. டீக்கடையிலோ வீட்டிலோ டீயும் பலகாரமும் வைத்து நாள் குறித்துக் கூப்பிடுவார்கள். வாங்கியவர்கள் கூட்டித் திருப்பிப் போடுவார்கள், அதுக்கும் நோட்டு உண்டு. முதல்முறை பார்த்ததும் 'அட, நம்ம மொய்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், மாமியார் முறைத்தார். நம் ஊர் கறிவிருந்துச் செலவை நினைத்தால் இவர்கள் டீயோடு முடித்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். ஆனால் இங்கேயும் பெரும்பாலும் ஆண்கள் விவகாரம்தான். டீ போடுவது மட்டும் நாங்கள்.

தமிழம்மா:

'கொடையா, கடனா' என்று வள்ளுவர் 221ஆம் குறளிலேயே பிரித்து வைத்துவிட்டார். 'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து.' இல்லாதவனுக்குக் கொடுப்பது மட்டும்தான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பிக் கொடுப்பதுதான் குறியெதிர்ப்பை.

பேராவூரணிப் பெண்ணுக்கு இன்னொன்று. இதே சொல் புறநானூறு 163இலும் வருகிறது. குமணனிடம் பரிசில் வாங்கி வந்த பெருஞ்சித்திரனார் தன் மனைவியிடம், குடும்பத்தின் பசி தீர 'நெடுங்குறி எதிர்ப்பை' கொடுத்து உதவியவர்களுக்கும் நீ கொடு என்கிறார். யாரிடம் எத்தனை படி வாங்கியது என்ற கணக்கு அவளிடம்தான் இருந்திருக்கும். அவள் பெயரும் பாட்டில் இல்லை.

பேராவூரணிப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். வாத்தியார் சொன்னபடி நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஊருக்கு வெளியே இருக்கிற தெரு நாங்கள் செய்ததிலும் இல்லை, வந்ததிலும் இல்லை. அந்தத் தெருவில் என் வகுப்புத் தோழி இருக்கிறாள், எட்டு வருஷம் ஒரே பெஞ்ச். அதற்கு மேல் படிக்க முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

தமிழம்மா சொன்னதை வைத்து அம்மாவிடம் கேட்டேன். யாருக்கு எவ்வளவு அரிசி, யார் இன்னும் சீனி தரணும், யார் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய் எத்தனை நாள் இருந்தார் என்று நிறுத்தாமல் சொன்னார். எழுத ஆரம்பித்தேன், நாலு பக்கம் வந்தது. 'இதப் போயி எழுதுவாளா' என்று சிரித்தார்.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி: அந்தத் தேங்காய் பறிப்பவர் அப்புறம் என்ன ஆனார்? இன்னொன்று, அடுத்த வாரம் கீரமங்கலத்தில் நாங்கள் 5,000 செய்ய வேண்டும். அம்மா பெயரில் வைக்கலாமா?

மொய்யெழுதி வாத்தியார்:

அவர் இப்போது இல்லை. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். 2022இல் அதே வீட்டு விசேஷத்தில் 5,000 வைத்தார். இப்போது கம்ப்யூட்டர், பணம் எண்ணும் மிஷின், பில். டைப் அடித்த பொண்ணு வெளியூர், ஊரும் பெயரும் மட்டும்தான் கேட்டாள். ரசீது வந்துவிட்டது. பெரியப்பாவும் இல்லை, பின்னாலிருந்து குரல் கொடுக்க.

மறு வருஷம் மகன் வீட்டில் விசேஷம். தோப்பு வீட்டுக்காரர்கள் 5,500 செய்தார்கள், ஜிபேயில். பந்தியில் இவர்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. ஆக்பர்ன் என்ற அமெரிக்கர் 1922இல் 'பண்பாட்டுப் பின்னடைவு' என்றார். கருவி முன்னே ஓடும், பழக்கம் பின்னால் நொண்டி நொண்டி வரும். அசைன்மென்டில் இதையும் சேர்த்துக்கொள். அந்த மகன் வீட்டு விசேஷத்துக்கு நான் போனேன். சாப்பிட்டேன். 101 வைத்து, 'என் பெயரை நீங்களே எழுதுங்க' என்று நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அம்மா பெயரில் தாராளமாக வை. ஆனால் ஒன்று கவனி. அவர்கள் கம்ப்யூட்டரில் உன் அப்பா பெயரில்தான் பாக்கி நிற்கும். அம்மா பெயரை மட்டும் சொன்னால் அது புதுக் கணக்காக ஏறிவிடும், அப்பா கணக்கு கழியாது. முதலில் அப்பா பெயரைத் தேடச் சொல், பாக்கியைக் கழிக்கச் சொல், பிறகு பெயரை மாற்றச் சொல். மாற்ற முடியாது என்பார்கள். பின்னால் வரிசை நீளும், சத்தம் போடுவார்கள். ரசீது கைக்கு வரும்வரை நகராதே.