பழைய பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3 டீசல்: வாங்கிய பிறகு செலவு எவ்வளவு வரும்?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் வசிக்கிறேன். குடும்பத்துக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்3 எக்ஸ்டிரைவ் 20டி வாங்க எண்ணியிருக்கிறேன். இரண்டு வண்டிகள் அமைந்துள்ளன. ஒன்று 2013 மாடல், தில்லிப் பதிவு, மீட்டரில் 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது, 12 லட்சம் சொல்கிறார்கள். மற்றது 2015 மாடல், சென்னைப் பதிவு, ஒரே உரிமையாளர், 1,10,000 கிலோமீட்டர், 16 லட்சம். நான்கு லட்சம் குறைவு என்பதாலும் குறைவாக ஓடியிருப்பதாலும் வீட்டில் முதல் வண்டியையே விரும்புகிறார்கள். இந்த மாடலில் பெரிய செலவு வைக்கும் பழுதுகள் எவை, வாங்கும் முன் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, கையில் எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலை

இரண்டும் ஒரே உருவத்தில் இருந்தாலும் இன்ஜின் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2013 வண்டியில் இருப்பது 184 குதிரைத்திறன் கொண்ட என்47. 2014-இல் முகம் மாற்றி வந்த வண்டிகளில் 190 குதிரைத்திறன் கொண்ட பி47 வந்தது. என்47 இன்ஜினின் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் சங்கிலி) உலகெங்கும் பேசப்பட்ட குறை. 2011 வரை தயாரான இன்ஜின்களில்தான் அது அதிகம் என்றாலும், அதற்குப் பிந்தைய வண்டி என்பதற்காகச் சோதிக்காமல் விட்டுவிட முடியாது. செயின் இன்ஜினின் பின்புறத்தில், கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால், அதை மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். சாமானின் விலையைவிட லேபர் அதிகம். வெளி ஒர்க்‌ஷாப்பிலேயே ஒன்றரை லட்சத்துக்குக் குறைவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடும்போது செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும். பி47-இலும் செயின் பின்புறம்தான். ஆனால் அந்த அளவுக்குப் புகார்கள் இல்லை.

சோதிப்பது எளிது. வண்டியைக் காலையில், இரவு முழுதும் நிறுத்திய நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அன்று பார்க்காமல் திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முன் கண்ணாடிப் பக்கமாக நின்று, ஒருவரை ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்புறத்திலிருந்து சங்கிலி உரசுவது போன்ற கரகரப்பு வேகத்தோடு சேர்ந்து ஏறினால் அந்த வண்டி வேண்டாம்.

இஜிஆர் கூலரையும் (புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாகம்) விசாரியுங்கள். கூலரில் கசியும் கூலன்ட் கரியோடு சேர்ந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதாக 2018-இல் தென் கொரியாவில் பெரிய அளவில் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. பிறகு மற்ற நாடுகளுக்கும் அது விரிந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்வார்கள்.

ஸ்பேனர்செட்

கோவையில் ஜெர்மன் வண்டிகள் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். இன்ஜினைப் பற்றி நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வண்டியில் பலர் கவனிக்காமல் விடுவது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத்தான். முன் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது அது. அதன் மோட்டாருக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். பல்சக்கரத்தை மட்டும் மாற்றினால் சில ஆயிரங்களில் முடியும். மோட்டாராக மாற்றினால் ஐம்பதாயிரத்தைத் தொடும். உள்ளே கிளட்ச் போய்விட்டால் கணக்கு லட்சங்களில்தான். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி, மெதுவாக வட்டம் போடுங்கள். வண்டி தயங்கித் தயங்கி, இழுத்துப் பிடித்து விடுவது போல நகர்ந்தால் அங்கே பிரச்சினை இருக்கிறது.

அதற்குப் பெரும்பாலும் காரணம் டயர். நான்கு டயர்களும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறத்தாழ ஒரே தேய்மானம் உள்ளவையாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு மாறினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் நேர் சாலையிலும் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். 245/50 ஆர்18 அளவில் நான்கு ரன்-ஃபிளாட் டயர்கள் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடியவை) போட ஒரு லட்சம் ஆகும் என்பதால், இரண்டை மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் உண்டு.

எட்டு கியர் இசட்எஃப் பெட்டி மிக நல்ல பெட்டி. ‘ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு சேர்ந்தே வருவதால் பேனையும் மாற்ற வேண்டும். எங்கள் பக்கம் 45,000 முதல் 60,000 வரை ஆகிறது. ஏ.ஜி.எம். பேட்டரி 30,000 வாக்கில் வரும். புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அது தெரியாத கடையில் மாற்றாதீர்கள்.

அடையாற்றுவாசி

தில்லி வண்டி ஏன் மலிவு என்பதையும் யோசியுங்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டன. அதனால் அவை பிற மாநிலங்களுக்கு விலை குறைந்து வரத் தொடங்கின. என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரியைக் கட்டிய பிறகு, நீங்கள் சொன்ன நான்கு லட்சம் வித்தியாசம் எவ்வளவு மிஞ்சும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 92,000 என்பதையும் சர்வீஸ் பில்களோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்.

சென்னை வண்டியில் பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல வண்டிகள் நீரில் நின்றன. எக்ஸ்3-இல் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பலகையைத் தூக்கி, விளிம்புகளில் வண்டல் படிந்திருக்கிறதா, போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் மட்டும் இருந்தால், சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அது சிறு செலவு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கட்டாயம் கேளுங்கள்.

காவிரிக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. தில்லி வண்டியை விட்டுவிட்டோம். சென்னை வண்டியைக் காலையில் போய்ப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, டிக்கியின் அடியில் ஈரமோ மண்ணோ இல்லை, சர்வீஸ் பில்கள் முழுமையாக உள்ளன. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதாக மட்டும் பில் இல்லை. முன் டயர்கள் இரண்டும் புதியவை, பின் டயர்கள் நன்றாகத் தேய்ந்தவை. வட்டம் போட்டபோது லேசான தயக்கம் தெரிந்தது.

ஸ்பேனர்செட்

அப்படியென்றால் உடனே முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஸ்கேன் செய்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். குறியீடு இல்லையென்றால், டயரைச் சமப்படுத்தி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றிய பின் தயக்கம் நிற்க வாய்ப்பு அதிகம். குறியீடு இருந்தால் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் டயர், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டையும் கணக்குக் காட்டி ஒன்றரை லட்சமாவது குறைத்துக் கேளுங்கள். அதற்கு மேல் முதல் ஆண்டுக்கென்று இரண்டு லட்சம் தனியாக வைத்திருங்கள். ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ போனால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.