பூசை நாள்களில் காலியாகும் அறைகளை என்ன செய்யலாம்?

கேட்டவர்: காந்தி ரோடு லாட்ஜ்காரன்

வணக்கம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில், மூன்று மாடிகளில் 24 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். எங்களிடம் தங்குவோரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பத்தினர். துர்கா பூசை நெருங்கியதும் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவதால், தீபாவளி முடியும்வரை பாதிக்கு மேற்பட்ட அறைகள் பூட்டியே கிடக்கின்றன. சென்ற ஆண்டு வாடகையைக் குறைத்தும் ஆள் கூடவில்லை. ஏற்கெனவே தங்கியிருந்தவர்கள்தாம் குறைந்த வாடகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இந்த முறை வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, ரூம் பாய்கள் இருவரைச் சம்பளமில்லாமல் ஊருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

தோட்டப்பாளையம் மேனேஜர்

மருத்துவரைப் பார்க்கும் தேதியை வைத்துத்தான் நோயாளி பயணச்சீட்டு எடுக்கிறார். நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக யாரும் ஹவுராவிலிருந்து ரயிலேறப் போவதில்லை. எனவே வாடகையைக் குறைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இருக்கும் விருந்தினரை மூன்று மாடிகளிலும் சிதறவிடாமல், ஒரு மாடியை முழுமையாகக் காலி செய்து இரண்டு வாரம் பூட்டுவதே அந்த நாள்களின் பெரிய பயன் என்பேன்.

மூட்டைப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து அடித்தால் பூச்சி சாகும், முட்டை பெரும்பாலும் சாகாது. அது ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். கூட்டமான மாதத்தில் எந்த அறையை அத்தனை நாள் சும்மா போட முடியும்? கட்டிலைக் கழற்றி, மரச்சட்டத்தின் இடுக்குகளையும் மெத்தையின் தையலோரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; கரும்புள்ளிகள் தெரிந்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்தே மருந்து அடியுங்கள்.

அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு கொடுப்பீர்கள் என்றால், மேடைக்கு மேலுள்ள சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். கடுகெண்ணெய்ப் புகை படிந்து பிசுபிசுவென்று ஒட்டும். அதன் மேலேயே பெயின்ட் அடித்து, மூன்றே மாதத்தில் அப்பளம் போல் உரிந்து வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே பட்டி பார்க்கச் சொல்லுங்கள்.

ஏலகிரி காட்டேஜ்

வெளிச்சுவர் வேலையை ஐப்பசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் ஈரச் சுவரில் அடிக்கும் பெயின்ட் நிற்காது. வெளிப்பூச்சும் மொட்டை மாடி ஓதம் அடைப்பதும் சித்திரை, வைகாசி வெயிலுக்கு உரிய வேலைகள். பூசை நாள்களில் உள்வேலை மட்டும் பாருங்கள்.

ஆள்களைச் சம்பளமில்லாமல் அனுப்பும் எண்ணத்தையும் மறுபடி யோசியுங்கள். அப்படி அனுப்பிய இருவரில் ஒருவர் எங்களிடம் திரும்பவே இல்லை. புதியவருக்கு வேலை பழக்குவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. அவர்களையே கட்டில் கழற்றவும் சுவர் கழுவவும் வையுங்கள். வெளியாள் கூலி மிச்சமாகும்.

கணக்குப்பிள்ளை

ஒரு சிறு சேர்க்கை. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடாகக் குறைந்தாலும், உள்ளீட்டு வரியை, அதாவது லாட்ஜுக்குப் பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டும் வரியை, கழித்துக்கொள்ள வழியில்லை. பெயின்டுக்குக் கட்டும் 18 விழுக்காடு முழுவதும் உங்கள் செலவுதான்; அதையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

காந்தி ரோடு லாட்ஜ்காரன்

நன்றி. மூன்றாம் மாடியைப் பூட்டுகிறேன். ஆனால் அங்கே நீண்ட நாளாக இரண்டு குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. நோயாளி இருக்கும்போது அறையை மாற்றச் சொல்லத் தயக்கமாக உள்ளது.

தோட்டப்பாளையம் மேனேஜர்

ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள் ஐயா. வாடகையை ஏற்றாமல் முதல் மாடியில் அறை கொடுத்து, சாமான்களை உங்கள் ஆள்களே இறக்கித் தந்தால் மறுக்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே இறக்குங்கள்.