பழைய மில்லிங் இயந்திரத்துக்குப் புதிய கட்டுப்பாடு: ‘மறுபொருத்தல்’ ஏன் போதாது?

அன்புடையீர், வணக்கம்.

ஏற்கெனவே உள்ள இயந்திரத்தில், அது செய்யப்பட்டபோது இல்லாத ஒரு பகுதியைப் பின்னர் பொருத்தும் வேலையை ‘ரெட்ரோஃபிட்’ (retrofit) என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்ட மறுசீரமைப்பு, புதுப்பித்தல், மறுபொருத்தல் ஆகிய மூன்று சொற்களையும் ஓசூர்ப் பட்டறைகளில் நடக்கும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் இதற்கு அண்டை அயலில் உள்ள வேலைகளைக் குறிக்கின்றனவே அன்றி இந்த வேலையைக் குறிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். 1980களில் செய்யப்பட்ட ஒரு சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தின் (கணினி தரும் எண்கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் இயந்திரம்) வார்ப்பிரும்பு உடலும் ஸ்பிண்டிலும் (வெட்டுக்கருவியைச் சுழற்றும் தண்டு) பால் ஸ்குரூக்களும் (சுழன்று இயந்திரத்தின் பகுதிகளை நகர்த்தும் திருகுத் தண்டுகள்) இன்றும் நன்றாக உழைக்கக்கூடிய நிலையில் இருக்கலாம். ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகைகளுக்கு மாற்று கிடைக்காது, திரை மங்கியிருக்கும், நினைவகத்துக்கு மின்சாரம் தரும் பேட்டரி தீர்ந்தால் இயந்திரத்தின் அளவுருக்கள் எல்லாம் அழிந்துபோகும். இந்நிலையில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை மட்டும் மாற்றுகிறார்கள். அந்த ஸ்குரூக்களைச் சுழற்றும் சர்வோ மோட்டார்களும் அவற்றை இயக்கும் டிரைவ்களும் நல்ல நிலையில் இருந்தால், பழைய டிரைவ்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கும் கூட்டல் கழித்தல் 10 வோல்ட் சமிக்ஞையைப் புதிய கட்டுப்பாடு அனுப்பி, சுழற்சியை அளக்கும் என்கோடர் தரும் துடிப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். சுற்றுக்கு 1000 கோடுகள் உள்ள என்கோடர், நான்கு மடங்காக எண்ணும்போது, 4000 எண்ணிக்கை தரும்; 5 மி.மீ. புரியிடை (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) கொண்ட ஸ்குரூவோடு அது நேராக இணைந்திருந்தால் ஒரு மி.மீ. நகர்வுக்கு 800 எண்ணிக்கை. இந்தக் கணக்கைப் புதிய மென்பொருளில் சரியாக ஏற்றுவதும், எல்லை சுவிட்சுகளையும் அவசர நிறுத்தப் பொத்தானையும் மென்பொருளை மட்டும் நம்பாமல் கம்பியிணைப்பிலேயே பாதுகாப்பாக அமைப்பதும்தான் வேலையின் பெரும்பகுதி.

ஸ்குரூவில் தேய்மானம் இருந்தால் அது இவ்வளவுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். திசை மாறும்போது ஏற்படும் தளர்வை மென்பொருள் ஓரளவு ஈடுகட்டலாம், நீக்க முடியாது. மறுசீரமைப்பு என்ற சொல் பொருந்தாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். இயந்திரப் பகுதிகள் சறுக்கி நகரும் வழித்தடங்களைச் சுரண்டிச் சமப்படுத்துவது, பேரிங் மாற்றுவது ஆகியவற்றை உள்ளடக்கிய ரீகண்டிஷனிங் வேலைக்கே அச்சொல் உரியது. கொட்டேஷனில் மறுசீரமைப்பு என்று எழுதினால், வாடிக்கையாளர் தேய்ந்த தடமும் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பார். பிறகு வரும் தகராறுக்கு அகராதி பொறுப்பேற்காது.

புதுப்பித்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் முதல் மென்பொருள் வரை எல்லாவற்றையும் அச்சொல்லால்தான் புதுப்பிக்கிறோம்.

மறுபொருத்தலுக்கு ஆதரவு அதிகம் இருப்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கழற்றிய பேரிங்கைத் துடைத்து மீண்டும் மாட்டுவதும் மறுபொருத்தல்தான் என்பது ஒரு சிக்கல். அதைவிட முக்கியமானது, ‘மறு’ என்ற முன்னொட்டு முன்பு ஒருமுறை பொருத்தியிருந்ததாகக் கருதச் செய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1952இல் செய்துகாட்டப்பட்ட முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் புதிதாக வார்த்ததன்று. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற, ஏற்கெனவே இருந்த ஓர் இயந்திரத்தை மாற்றியமைத்து, வெற்றிடக் குழாய்களால் ஆன கட்டுப்பாட்டை இணைத்தார்கள். அதில் அதற்கு முன் எண்கட்டுப்பாடே இல்லை; ஆகவே மறுபொருத்த எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அதை ரெட்ரோஃபிட் என்று கூறத் தடையில்லை. இத்துறையின் முதல் இயந்திரத்தையே விளக்க முடியாத சொல்லை நாம் ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

காவேரிப்பட்டினத்து நண்பர் ‘ஒட்டு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வயதான மாமரத்தின் கிளைகளை வெட்டிவிட்டு, அதே அடிமரத்தில் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டுவதை அறிந்தவர்களுக்கு அது மிகப் பொருத்தமான உவமை. வேரும் அடிமரமும் பழையவை, காய்ப்பு மட்டும் புதியது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சுவழக்கில் ‘ஒட்டுப்போட்ட இயந்திரம்’ என்றால் கிழிசலுக்குத் துணி வைத்துத் தைத்தது போன்ற பொருள்தான் முதலில் தோன்றும். அந்தப் பெயரில் ஒரு வேலையைப் பட்டறைக்காரர் எவரும் விற்க முன்வரமாட்டார்.

ஆகவே என் பரிந்துரை ‘பிற்பொருத்தல்’. உற்பத்திக்குப் பின்னர், உற்பத்தியின்போது இல்லாத ஒன்றைப் பொருத்துதல் என்பது அதன் வரையறை. ‘பின்பொருத்தல்’ என்று புணர்க்காமல் எழுதினால் இயந்திரத்தின் பின்பக்கத்தில் பொருத்துவதாகப் பொருள் கொள்ள இடமுண்டு. பிற்பகல், பிற்காலம், பிற்சேர்க்கை ஆகியவற்றில் போலப் புணர்ந்த வடிவம் காலத்தையே உணர்த்துகிறது. ற்ப என்ற ஒலி கடினம் என்று சேலத்து நண்பர் தயங்கினார். பிற்பகலைத் தயங்காமல் சொல்லும் நாவுக்கு இது கடினமாக இராது. வினையாக்கினால் ‘இரண்டு டிரைவ்களையும் பிற்பொருத்தினோம்’ என்றும், பெயரெச்சமாக்கினால் ‘பிற்பொருத்திய மில்லிங் இயந்திரம்’ என்றும் இயல்பாக வருகிறது. ஆட்டோவில் எரிவாயுக் கருவி பொருத்துவதற்கும், பழைய கட்டடத்தை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்துவதற்கும் இச்சொல் அப்படியே உதவும்.

பழையதை அகற்றுவது இச்சொல்லில் தெரியவில்லை என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அகற்றுதல் எல்லாப் பிற்பொருத்தலுக்கும் உரியதன்று; ஆட்டோவில் பெட்ரோல் தொட்டி அப்படியே இருக்கலாம். எது மாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கட்டுப்பாட்டுப் பிற்பொருத்தல்’ என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். சிப்காட் பகுதிப் பட்டறைகளில் ரெட்ரோஃபிட் என்றேதான் தொடர்ந்து பேசுவார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஐ.டி.ஐ. பாடநூலுக்கும் இயக்கக் கையேட்டுக்கும் கொட்டேஷனுக்கும் எழுத்தில் ஒரு சொல் வேண்டும் என்பதே இந்த முயற்சி.

இது ஏற்கப்பட்டால் கடையில் ஒரே பெட்டியாகக் கிடைக்கும் ரெட்ரோஃபிட் கிட் என்பதற்குப் ‘பிற்பொருத்துத் தொகுதி’ என்று எழுதலாமா, ‘தொகுப்பு’ நல்லதா என்பதில் மட்டும் மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். தொகுதியை ஏற்கெனவே மாட்யூல் என்பதற்குச் சிலர் ஆள்வதால் நான் தொகுப்பின் பக்கமே சாய்கிறேன்.