கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைப்பு: உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ரப்பர்க்காரன், குலசேகரம்:
வலி இல்லை, சிவப்பும் இல்லை. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனேன். முந்தின நாள் வெட்டிய கோடு நடுவில் நெளிந்து தெரிந்தது. கத்தி பிசகிவிட்டது என்று அடுத்த மரத்துக்குப் போனால் அங்கும் நெளிசல். வலது கண்ணைப் பொத்தினால் கோடு நேர். இடதைப் பொத்தினால் சிரட்டையின் கீழ்ப்பாதியே காணோம்.

நந்தியாவட்டைச் சாறு விட்டே பத்து நாள் ஓட்டினேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. நாகர்கோவிலில் ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தபோது விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருந்தது. சிரையின், அதாவது ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் குழாயின், ஒரு கிளை அடைப்பாம். பிரஷர் 170. கண்ணுக்குள்ளேயே ஊசி. மரக்க வைத்துவிடுகிறார்கள், வலி பெரிதில்லை. ஆனால் மருந்து இறங்குவது தண்ணீரில் புகை கலப்பதுபோல் கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு கோடு கொஞ்சம் நிமிர்ந்தது.

குளச்சல் அக்கா:
தம்பி, உனக்குப் பத்து நாள் கிடைத்தது. எங்க வீட்டுக்காரருக்குத் தமனியில் அடைப்பு, கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய். மீனோடு படியேறி வந்தவர் "கரண்ட் போச்சா?" என்று கேட்டார். பகல் பதினொரு மணி! தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் போனபோது ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கழுத்து ரத்தக்குழாயையும் இதயத்தையும்தான் சோதித்தார்கள். அடுத்து மூளைக்கு வரலாமாம்.

வடசேரி மாமா:
எனக்கும் சிரைதான், நாலு ஊசி, அவ்வளவுதான் கதை. ஆனால் தம்பி, நந்தியாவட்டையை இங்கே எழுதினால் நாலு பேர் விட்டுப் பார்ப்பார்கள். கண்ணின் மேலே விடும் சாறு விழித்திரைக்கு எப்படிப் போகும்? தமனி தடித்து, குறுக்கே போகும் சிரையை அழுத்துகிறது. அங்கேதான் ரத்தம் கட்டுகிறது. அதனால் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதே. சுகர், கொழுப்பு, கண் அழுத்தம் மூன்றையும் பார். ஊசி விலை பயமுறுத்தினால் பெவாசிசுமாப் பற்றிக் கேள். குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, கண்ணுக்கும் போடுகிறார்கள், செலவு குறைவு. ஆஸ்பிரினை நீயாக விழுங்காதே. ஊசிக்குப் பிறகு வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடு, மறு தேதிக்குக் காத்திருக்காதே.

ரப்பர்க்காரன், குலசேகரம்:
மாமா, சாறு விட்டது தப்பு என்றுதானே நானே எழுதினேன்! சரி, நாளை மூன்றாவது ஊசி. மழை பெய்தால் வெட்டும் இல்லை, நிம்மதியாகப் போய் வருவேன்.