ஸ்டேட்டஸை எடு, தங்கச்சி

மாமா: தங்கச்சி, உன் ஸ்டேட்டஸில் பையன் யூனிஃபார்மில் நிற்கிறான். அடுத்த படத்தில் விமான டிக்கெட். முதலில் இரண்டையும் எடு.

அம்மா: ஏன் அண்ணா? லீவில் வெளிநாடு பார்க்கப் போகிறான். எனக்குப் பெருமையாக இருக்காதா?

மாமா: பெருமைப்படு, யார் வேண்டாம் என்றது? ஆனால் ராணுவத்தில் இருப்பவன் எந்தத் தேதியில் எந்த நாட்டில் இருப்பான் என்று நீயே சொல்லிவிட்டாய். பிஎன்ஆர் எண் வேறு பளிச்சென்று தெரிகிறது.

அம்மா: எடுத்துவிட்டேன். ஐயோ, 43 பேர் பார்த்திருக்கிறார்கள்!

நான்: யூனிட்டில் அனுமதி வாங்கிவிட்டேன் மாமா. தங்கும் இடம், திரும்பும் நாள் எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று.

மாமா: நல்லது மாப்பிள்ளை. பை எது?

நான்: யூனிட் பைதான். நன்றாக உழைக்கிறது.

மாமா: பெயரும் ரேங்க்கும் எழுதிய பச்சைப் பையா? அக்காவிடம் சாதாரண டிராலி வாங்கிக்கொள். சின்னம் போட்ட டி-ஷர்ட்டும் வேண்டாம். முடிவெட்டைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா: தருகிறேன். ஒரு சக்கரம் ஆடும், பரவாயில்லையா?

சித்தி: இவ்வளவு பயம் தேவையா?

மாமா: 1985 ஜூனில் ஏதென்ஸிலிருந்து ரோமுக்குப் போன டிடபிள்யூஏ என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானத்தைக் கடத்தினார்கள். அதில் கொல்லப்பட்டவர் ஒரே ஒருவர், அமெரிக்கக் கடற்படை டைவர்.

அக்கா: அது பழைய கதை மாமா.

மாமா: இப்போது கைக்கடிகாரமே காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ராவா செயலி தன் பயனர்கள் ஓடிய தடங்களை உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், பாலைவன ராணுவ முகாம்களின் வடிவம் அப்படியே அதில் தெரிந்தது! 2023-இல் ரஷ்யாவின் கிராஸ்னதாரில் நீர்மூழ்கிக் கப்பலின் முன்னாள் தளபதி ஒருவர் ஓடப் போன இடத்தில் சுடப்பட்டார். அவர் வழக்கமாக ஓடும் பாதை அந்தச் செயலியில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது.

நான்: என் வாட்ச்சிலும் அதுதான் மாமா... இப்போதே நீக்கிவிட்டேன்.

அக்கா: என்ன வேலை என்று யாராவது கேட்டால்?

மாமா: பக்கத்து இருக்கைக்காரரிடம் 'அரசு வேலை' போதும். விசா படிவத்திலும் குடிநுழைவு அதிகாரியிடமும் மட்டும் பொய் கூடாது, அது வேறு வம்பு. இன்னொன்று. புதிதாகப் பழகியவர் சிரித்துப் பேசிக்கொண்டே எந்தப் பிரிவு, அடுத்த போஸ்டிங் எங்கே என்று நூல் விட்டால் எழுந்து வந்துவிடு. திரும்பியதும் யூனிட்டில் சொல்லிவிடு.

அம்மா: போலீஸ் பிடித்துவிட்டால்?

மாமா: நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு கொடுத்த உரிமை அது. தூதரக எண்ணைத் தாளிலும் எழுதி வை மாப்பிள்ளை. ஃபோன் தொலைந்தால் எண்ணும் போய்விடும்.

சித்தி: சரி சரி. தம்பி, எந்த ஹோட்டல்?

நான்: சித்தி, இந்தக் குழுவில் 61 பேர் இருக்கிறோம். அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மா: ஏர்போர்ட்டில் ஒரே ஒரு செல்ஃபி மட்டும் போடட்டுமா அண்ணா?

மாமா: அவன் திரும்பி வந்து இறங்கட்டும். பத்தாகவே போடு.