எந்த வீடியோ கேமை விளையாடுவது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? சென்னையைச் சேர்ந்த மூவரின் பதில்கள், அவரவர் பகுதியின் பெயரில்:

மயிலாப்பூர்:

அலுவலகத்தையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே விளையாடுகிறவருக்குப் பணத்தைவிட நேரமே அரிது. ஆகவே ஒரு வீடியோ கேமின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே, அதை முடிக்க எத்தனை மணி நேரமாகும் என்று பார்த்துவிடுகிறேன். விளையாடி முடித்தவர்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்யும் 'ஹவ் லாங் டு பீட்' தளம் இதற்கு உதவுகிறது. 2015இல் வந்த 'விட்சர் 3' விளையாட்டின் முதன்மைக் கதைக்கு மட்டுமே ஏறத்தாழ 50 மணி நேரம் தேவைப்படுகிறது. 2007இல் வந்த 'போர்ட்டல்' மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டுமே அரிய படைப்புகள்தாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதாவது ஒரு மணி நேரம் கிடைக்கிற காலத்தில் முதலாவதைத் தொடங்கினால், விட்ட இடத்தையும் கதைமாந்தரின் பெயர்களையும் நினைவுபடுத்திக்கொள்வதிலேயே பாதி நேரம் போய்விடும் என்பதால், அத்தகைய பெரிய விளையாட்டுகளைப் பொங்கல் போன்ற தொடர் விடுமுறைகளுக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

என் தலைமுறையினருக்குப் பள்ளி நாட்களில் தேர்ந்தெடுக்கும் கவலையே இருந்ததில்லை. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கிய கேம் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருந்தாலும், சில விளையாட்டுகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே மாரியோவையும் கான்ட்ராவையும் கடைசிக் கட்டம் வரை பழகினோம். இன்று கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை ரூபாயிலேயே விலை போட்டு, கோடையிலும் ஆண்டு இறுதியிலும் தள்ளுபடி தருவதால், வாங்குவது எளிதாகவும் முடிப்பது அரிதாகவும் ஆகிவிட்டது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று அங்கே ஒரு விதி உண்டு. முதல் ஒன்றரை மணி நேரத்தில் மனம் ஒட்டாத விளையாட்டைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அண்மையில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது 'வெண்பா'. டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டே சிறந்த அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்ற இந்த விளையாட்டு, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியே சொல்கிறது. கதைநாயகியின் அம்மா எழுதிய பழைய சமையல் குறிப்பேடு சிதைந்து போயிருக்க, விடுபட்ட செய்முறையை ஊகித்துச் சமைப்பதுதான் நம் வேலை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் திரையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, "குழிக்கு நேர் மேலே குழி வந்தா இட்லி எப்படிடா உப்பும்? தட்டைத் திருப்பி வை" என்றார். என் கேம்களை அதுவரை ஏறிட்டும் பார்க்காதவர், அதன்பின் ஒவ்வொரு உணவுக்கும் பக்குவம் சொல்லிக்கொண்டு, கதையில் வரும் மகன் தமிழில் பேசத் தயங்கும் இடங்களில் வெளிநாட்டில் வளரும் தம் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டு, கதை முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற விளையாட்டுக்குக் கேட்கும் விலை அதிகம் என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். மணிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்க்கும் அந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை.

தாம்பரம்:

மேலே சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆயினும், தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வரும் எனக்கு, விளையாட்டின் நீளத்தைவிட, அதை எந்த நொடியிலும் நிறுத்த முடியுமா என்பதே முதல் கேள்வி. மாம்பலத்தில் கூட்டம் ஏறும்போது கைப்பேசியைப் பைக்குள் போட்டாக வேண்டும். வழியில் சிக்னல் போனாலும் விளையாட்டு நிற்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் பொருந்தி வந்தது 'ஸ்டார்டியூ வேலி'. எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட இந்த விவசாய விளையாட்டில் ஒரு நாள் ஏறத்தாழ 14 நிமிடங்களில் கழிந்துவிடுவதால், ரயில் மீனம்பாக்கத்தை நெருங்குவதற்குள் விதைத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு நாளை முடித்துவிடலாம். பாதியில் மூடினாலும், கைப்பேசிப் பதிப்பு தானாகவே சேமித்துக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, "இன்று உள்ளே வராவிட்டால் பரிசு போய்விடும்" என்று தினமும் அறிவிப்பு அனுப்பும் இலவச விளையாட்டுகள் எனக்கு வேண்டாம். என் ஓய்வு நேரத்தை நான் முடிவு செய்ய வேண்டும். கைப்பேசி முடிவு செய்யக் கூடாது.

பெரம்பூர்:

நிறுத்தவே முடியாத விளையாட்டைப் பற்றி ஒரு தாயாக நானும் சொல்ல வேண்டும். என் மகன் நண்பர்களுடன் பிஜிஎம்ஐ என்ற இணையவழித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான். நடுவில் சாப்பிடக் கூப்பிட்டால் வராததைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோபப்படுவதற்குப் பதிலாக ஒருநாள் அருகில் உட்கார்ந்து பார்த்தபோது, பெரிய களத்தில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை நீளும் என்பதும், அவன் பாதியில் எழுந்தால் மீதி மூவர் கொண்ட அணி தடுமாறும் என்பதும் புரிந்தன. எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஏழரைக்குப் பிறகு புதிய ஆட்டம் கிடையாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அதை அவன் மீறுவதில்லை. தேர்வு முடிந்ததும், இருவர் சேர்ந்தால் மட்டுமே விளையாடக்கூடிய 'இட் டேக்ஸ் டூ' விளையாட்டை அவனுடன் தொடங்கவிருக்கிறேன். கன்ட்ரோலரைப் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவருக்கு அதன் தொடக்கப் பகுதிகள் எவ்வளவு கடினம் என்று விளையாடியவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.